கன்னாபினாய்டுகளும் நரம்பு மண்டலமும்

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. போதை தருவது முதன்மையாக டிஎச்சி. இதை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெச்சோலமும் யெஹீல் காவோனியும் பிரித்தெடுத்தனர். அது மூளையில் எங்கே சென்று ஒட்டுகிறது என்பது 1988இல்தான் தெரிந்தது. அது ஒட்டும் இடமான ஏற்பிக்கு இன்று சிபி1 என்று பெயர். அதே ஏற்பியில் ஒட்டும் அனந்தமைடு என்ற பொருளை உடலே சுரக்கிறது என்று 1992இல் கண்டறிந்தார்கள்.

பொதுவாக ஒரு நரம்பணு அனுப்பும் செய்தியை அடுத்தது வாங்கிக்கொள்ளும். அனந்தமைடு போன்றவை எதிர்த்திசையில் போகின்றன. செய்தியை வாங்கிய அணு, தேவைப்படும் நொடியில் இவற்றைச் சுரந்து, 'போதும், குறைத்துக்கொள்' என்று அனுப்பிய அணுவுக்குத் தெரிவிக்கிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அவற்றைச் சிதைத்துவிடும். டிஎச்சி அப்படி உடனே சிதைவதில்லை. தேவையில்லாத இடங்களிலும் மணிக்கணக்கில் ஒட்டியிருக்கும். ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஒட்டினால் சற்றுமுன் கேட்டது மறந்துபோகும். சிறுமூளையில் ஒட்டினால் உடலின் சமநிலை குலையும். அந்நிலையில் சென்னையின் மத்திய கைலாஷ் சந்திப்பில் பைக்கைத் திருப்புவது தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் சிபி1 குறைவு. ஹெராயினைப் போல இது மூச்சை நிறுத்தாததற்குக் காரணம் அதுதான். இதை வைத்துக் கஞ்சா தீங்கற்றது என்று வாதிடுவது தவறு.

மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்கிறது. அதனால் இளவயதில் கஞ்சா கூடுதல் ஆபத்து. ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளியானது. அதில், அதிகம் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காக இருந்தது. பரம்பரையும் சூழலும் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன.

மற்றொரு கன்னாபினாய்டான சிபிடி போதை தராது. குழந்தைகளின் இரு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அது 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தினமும் கஞ்சா புகைத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். இதற்கென்று தனி மருந்து இல்லை, ஆற்றுப்படுத்தலே சிகிச்சை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் டிடிகே மருத்துவமனை, அடையாறு இந்திரா நகரில் போதை அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை தருகிறது. வீட்டுப்பிள்ளை கஞ்சா புகைக்கிறான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள், மறைக்காதீர்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446.