தகுதியும் தொலைவும்: நியூ சவுத் வேல்ஸ் அரசு விடுதிப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வு

1. ஆய்வுப் பொருள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களான வென்ட்வொர்த்வில், டூங்காபி, கிர்ராவீன் பகுதிகளில் ‘செலக்டிவ்’ என்ற சொல் காதில் விழாத தமிழ் வீடு அரிது. ஆறாம் வகுப்பில் எழுதும் தேர்வு அது. தேறினால் ஏழாம் வகுப்பு முதல் அரசின் தெரிவுப் பள்ளியில் இடம் கிடைக்கும். எந்தப் பள்ளி முதலிடம், எந்த டியூஷன் நல்லது என்பதைத் தாண்டி நம்மவர் பேச்சு பெரும்பாலும் போவதில்லை. ஆனால் விடுதியுள்ள மூன்று அரசு வேளாண் பள்ளிகளுக்கும் இதே தேர்வுதான் வாசல். கிளென்ஃபீல்டின் ஹர்ல்ஸ்டோன், லீட்டனுக்கு அருகிலுள்ள யான்கோ, டாம்வொர்த்தின் ஃபாரர் ஆகியவை அவை.

அரசு தன் செலவில் பள்ளி நடத்தி அதனுடன் விடுதியும் கட்டுவதற்கு அடிப்படைக் காரணம் தொலைவு. ஆகவே அந்த விடுதிக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் முறை, பிள்ளையின் திறனோடு பிள்ளை இருக்கும் தூரத்தையும் எடைபோட்டே ஆகவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. பள்ளிகள் எழுந்த காரணம்

ஹர்ல்ஸ்டோன் 1907இல் சிட்னியின் உட்புறநகரில் தொடங்கி 1926இல் கிளென்ஃபீல்டுக்கு இடம்பெயர்ந்தது. வயலும் மந்தையும் வைத்துப் பயிற்றும் பள்ளிக்கு நிலம் வேண்டியிருந்தது. யான்கோ 1922இல் திறக்கப்பட்டது. முரம்பிட்ஜி ஆற்றுப் பாசனத்தில் முன்னோடியான சாமுவேல் மெக்கோகி என்ற பெரும் ஆட்டுப் பண்ணையாளரின் மாளிகையே அதன் கட்டடமாயிற்று. ஃபாரர் 1939இல் எழுந்தது. துருநோயைத் தாங்கும் கோதுமை வகைகளை உருவாக்கிய வில்லியம் ஃபாரரின் பெயரைத் தாங்கிய ஆண்கள் பள்ளி அது. மூன்றிலும் உள்நாட்டுப் பண்ணைகளின் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள்.

நான்காவது வேளாண் பள்ளியான ஜேம்ஸ் ரூஸுக்கு விடுதி இல்லை. 1959இல் கார்லிங்ஃபோர்டில் தொடங்கிய இப்பள்ளி, மேனிலைத் தேர்வு முடிவுகளில் 27 ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் வகித்து 2023இல்தான் அதை இழந்தது. பத்தாம் வகுப்புவரை அங்கே வேளாண்மை கட்டாயப் பாடம். ஆயினும் பெற்றோர் அந்தப் பள்ளியைத் தேடுவது வேளாண்மைக்காக என்று யாரும் சொல்லமாட்டார்கள். நுழையும் தேர்வு எதை அளக்கிறதோ அதுவே நாளடைவில் பள்ளியின் நோக்கமாகிவிடுகிறது. விடுதிப் பள்ளிகளுக்கும் இதே நிலை வரலாம். கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான்.

நிலத்தின் மீதான அழுத்தமும் சிறிதல்ல. 2015இல் மாநில அரசு ஹர்ல்ஸ்டோனை ரிச்மண்டுக்கு மாற்றி, கிளென்ஃபீல்டு பண்ணை நிலத்தை வீட்டுமனைகளுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. பழைய மாணவர்களும் ஊராரும் எதிர்த்தார்கள். பின்னர் பள்ளி அங்கேயே நீடிக்கும் என்று முடிவாயிற்று.

3. தேர்வு எதை அளக்கிறது

வாசிப்பு, கணிதச் சிந்தனை, சிந்தனைத் திறன், எழுத்து என நான்கு பகுதிகள். நான்குக்கும் சம எடை. முன்பு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் தந்த மதிப்பெண்ணும் சேர்ந்தது. இப்போது அது இல்லை. ஆண்டுக்கணக்கில் பிள்ளையைப் பார்த்த ஆசிரியரின் கணிப்பு போய், ஒரு நாள் தேர்வே எல்லாம் என்றாகிவிட்டது. இதனால் பயிற்சி நிலையங்கள் வலுத்தன என்பது என் கணிப்பு. சனி, ஞாயிறுகளில் பாரமட்டாவைச் சுற்றிப் பயிற்சி வகுப்புகளுக்குக் குறைவில்லை. தொலைதூரப் பர்க் ஊர்ப் பக்கத்து ஆட்டுப் பண்ணையில் வளரும் பிள்ளைக்கு அப்படி ஒரு வகுப்பு எட்டாக்கனிதான்.

2025 மே மாதம் தேர்வு முதன்முறையாகக் கணினியில் நடந்தது. சிட்னியின் பெரிய மையங்கள் சிலவற்றில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்க் காவல்துறை வரவேண்டியதாயிற்று. பல பிள்ளைகளுக்குத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. பதினோரு வயதுப் பிள்ளை மீது நாம் ஏற்றியிருக்கும் சுமை எவ்வளவு என்பதை அந்தக் காட்சிகள் காட்டின.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. தெரிவுப் பள்ளி இடங்களில் 20 விழுக்காடுவரை ஒதுக்கிவைக்கிறார்கள்: சமூக, கல்விப் பின்தங்கலுக்கு 10, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு 5, கிராமப்புற, தொலைதூரப் பிள்ளைகளுக்கு 2.5, மாற்றுத்திறன் கொண்டோருக்கு 2.5. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொலைவுக்கு 2.5 என்ற அளவு நகரத்துப் பகல் பள்ளிக்குப் பொருந்தலாம். விடுதி இடத்துக்கு அது போதவே போதாது. விடுதிப் பள்ளிகள் நேர்காணலும் நடத்துவதுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிள்ளை விடுதி வாழ்வுக்கு ஏற்றதா என்பதும் அதற்கு விடுதி தேவையா என்பதும் வேறுவேறு கேள்விகள்.

4. செலவு

கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. விடுதிக்குப் பெற்றோர் கட்ட வேண்டும். பள்ளிக்கு எட்டாத தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு நடுவண் அரசு உதவித்தொகை தருகிறது. பொருத்தமான அரசுப் பள்ளி வீட்டிலிருந்து 56 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது அதற்கான தகுதிகளில் ஒன்று. ஆக, தொலைவை எண்ணால் அளக்கும் முறை நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சேர்க்கையிலும் கையாளலாம்.

5. ஒப்பீடு

ஈழத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இது புதிய கதையல்ல. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கிராமங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவினார். புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழைக் கிராமப் பிள்ளை அவற்றின் விடுதியில் இலவசமாகத் தங்கிப் படித்தது. மட்டக்களப்பு வந்தாறுமூலையின் மத்திய கல்லூரி அப்படி எழுந்தது. அதன் வளாகம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகம். பரீட்சையும் விடுதியும் சேர்ந்திருந்தவரை அது கிராமத்துக்கு ஏணி. காலப்போக்கில் விடுதி பின்னுக்குப் போய், பேர்பெற்ற நகரப் பாடசாலைகளில் இடம்பிடிக்கும் போட்டியே மிஞ்சியது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ரியூசனுக்கு அலையும் நிலை அதன் விளைவு. சிட்னியில் நாம் மறுபடி கட்டிக்கொண்டிருப்பதும் அந்தக் கதையின் இரண்டாம் பாதியைத்தான்.

இந்தியாவின் நவோதயா பள்ளிகள் 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோடு பரவின. நுழைவுத் தேர்வு உண்டு. ஆனால் குறைந்தது 75 விழுக்காடு இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. அவர்கள் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கிராமத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாடு அவற்றை ஏற்கவில்லை. அந்த நிலைப்பாட்டின் நியாயம் தனி விவாதம். இங்கு நமக்கு வேண்டியது விகிதம். அங்கே 75, இங்கே 2.5.

6. மெல்பேர்ண்

விக்டோரியாவில் தேர்வு வழித் தெரிவுப் பள்ளிகள் நான்கு: மெல்பேர்ண் ஹை, மேக்ராபர்ட்சன், நோசல், சூசன் கோரி. நுழைவு ஒன்பதாம் வகுப்பில். ஒரே பள்ளியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் எடுப்பதில்லை என்ற விதி பாராட்டத்தக்கது. ஆனால் விடுதி ஒன்றிலும் இல்லை. சுமார் 540 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டியூராவின் பிள்ளைக்கு அந்த வாசல் திறந்திருந்தும் பயனில்லை.

7. செய்யத்தக்கவை

நியூ சவுத் வேல்ஸ் 2015இல் தொடங்கிய ஆரோரா கல்லூரி இணையவழியே தொலைதூரப் பிள்ளைகளுக்குத் தெரிவுக் கல்வி தருகிறது. அது விடுதிக்கு மாற்றாகாது. பண்ணையும் ஆய்வுக்கூடமும் சக மாணவரும் திரையில் கிடைப்பதில்லை.

விடுதி இடங்களைப் பகல் இடங்களிலிருந்து பிரித்து, அவற்றில் பாதிக்கு மேல் தொலைவு அடிப்படையில் ஒதுக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குள் தரவரிசையைத் தேர்வு முடிவுசெய்யட்டும். தொலைதூர ஆரம்பப் பள்ளிகளின் ஆசிரியர் மதிப்பீட்டையும் மீண்டும் சேர்க்கலாம். இந்தக் கோரிக்கையைத் தமிழ்ச் சங்கங்கள் முன்வைத்தால் கல்வித் துறை கேட்கும். சிட்னி மேற்கில் நம் பிள்ளைகள் சிலருக்கு ஓரிரு இடம் குறையலாம். நாடெங்கும் சிற்றூர் மருத்துவமனைகளில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களின் பிள்ளைகளுக்கும், அவர்கள் பக்கத்து வீட்டுப் பண்ணைப் பிள்ளைகளுக்கும் இடம் கூடும். அந்த மாற்றத்தை நாமே கேட்பது நியாயம் என்று நம்புகிறேன்.