உயிரணுவில் ஆக்கமும் அழிவும்

உடல் ஒரு கட்டடம்; உணவு அதனுள் எரியும் விறகு. விறகு தீர்ந்து சாம்பலாகும். கட்டடமோ நிலைத்து நிற்கும். இவ்வாறே அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். இக்கொள்கை வீழ்ந்த வரலாற்றை நாம் இன்று சிறிது காண்போம்.

1933-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி ஏற்பட்டபொழுது, யூதராகிய ருடால்ஃப் ஷோன்ஹைமர் நாடு துறந்து, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தை அடைந்தார். அவரும் அவர்தம் துணைவரும் கனமான நைட்ரஜனை அடையாளமாகக் கொண்ட அமினோ அமிலங்களை வளர்ந்த எலிகளுக்கு ஊட்டினர். பழைய கொள்கை மெய்யாயின், அந்த நைட்ரஜன் முழுவதும் சிறுநீரில் வெளிப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் ஏறத்தாழப் பாதியே வெளிவந்தது. எஞ்சியதிற் பெரும்பகுதி உடலின் புரதங்களிற் கலந்திருந்தது. எலிகளின் எடையோ கூடவில்லை. அங்ஙனமாயின், புதியது புகுந்த இடத்தில் பழையது கழிந்திருக்க வேண்டுமன்றோ? 1941-இல் ஷோன்ஹைமர் மறைந்தார். அவருடைய சொற்பொழிவுகள் மறு ஆண்டில் நூலாக வெளிவந்தன.

பழையதைக் கழிப்பது எது? 1955-இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் டெ டூவ், செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்னும் நுண்பையை உயிரணுவினுள் கண்டறிந்தார். வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது எனப் பலர் கருதினர். ஆயினும் ஐயம் தீரவில்லை. சில புரதங்கள் சில நிமிடங்களில் அழிகின்றன. சில பல நாள் வாழ்கின்றன. எல்லாவற்றையும் ஒருங்கே செரிக்கும் பை, இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறியும்? மேலும், செரிமானத்திற்கு ஆற்றற் செலவு தேவையில்லை. உயிரணுவோ தன் புரதத்தை அழிக்க ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை 1953-இலேயே சிம்ப்சன் காட்டியிருந்தார்.

1977-இல் கோல்ட்பெர்க், எட்லிங்கர் ஆகியோர், லைசோசோம் இல்லாத முதிராச் செவ்வணுக்களும் பழுதுற்ற புரதத்தை அழிப்பதைக் கண்டனர். ஹைஃபா நகரில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரோன் சீக்கனோவரும் அவ்வணுச் சாற்றை இரு கூறாகப் பிரித்தனர். தனித்தனியே எதுவும் வேலை செய்யவில்லை, சேர்த்தபொழுது செய்தது. ஒரு கூற்றில் வெப்பத்திற்கு அழியாத சிறு புரதம் ஒன்று இருந்தது. அமெரிக்கரான இர்வின் ரோஸும் உடனிருந்து ஆராய, 1980-இல் உண்மை புலப்பட்டது. 76 அமினோ அமிலங்களாலான யுபிக்விட்டின் என்னும் அச்சிறு புரதம், அழிய வேண்டிய புரதத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது. அக்குறியைக் கண்டே, பீப்பாய் வடிவான புரோட்டியசோம் அதனை உள்ளிழுத்துத் துண்டாக்குகிறது. குறியோ மீண்டும் பயன்படத் திரும்பிவிடுகிறது. தேர்ந்து குறியிடுவதற்கும், குறியிட்டதைப் பிரித்து உட்செலுத்துவதற்குமே ஆற்றல் செலவாகிறது. மூவரும் 2004-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இது வெறும் ஏட்டறிவு அன்று. அணுப் பிரிவைத் தூண்டும் புரதங்கள் உரிய காலத்தில் கழியாவிடின் புற்றுநோய்க்கு வழி பிறக்கும். புரோட்டியசோமைத் தடுக்கும் போர்டிசோமிப் என்னும் மருந்து, எலும்பு மச்சையைப் பற்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கென 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாடிழந்த ஓர் அறிஞர் எலிகளிடம் கேட்ட கேள்வி, எழுபதாண்டுக்குள் நோயாளியின் படுக்கையருகே மருந்தாக வந்து நின்றது.