அலமாரிக்குள் ரோபோ

சென்ற ஆண்டு ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நிரலாக்கம் சொல்லித்தரப் போயிருந்தேன். மொத்தமே நாற்பது சொச்சம் மாணவர்கள். "ரோபோ பெட்டியெல்லாம் இருக்கு தம்பி. சொல்லிக் கொடுத்த டீச்சர்தான் மாற்றலாகிப் போயிட்டாங்க" என்றார் தலைமையாசிரியர். அலமாரியைத் திறந்தால் மூன்று பெட்டிகள். உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. ஒரு போட்டிக்காக வாங்கியவை. போட்டிக்குப் போன ஐந்து பேரைத் தவிர வேறு பிள்ளைகள் அவற்றைத் தொட்டதே இல்லையாம்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, இது ரொம்பப் பழைய கதை.

1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அதற்கு ஓர் ஆமை சேர்ந்தது. தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் சின்ன ரோபோ. இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை திரும்பு என்று குழந்தை கட்டளையிடும். கணினி குழந்தையைப் பழக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை ஆள வேண்டும் என்பது பாப்பர்ட்டின் வாதம்.

அந்த ஆமை ஏழைப் பிள்ளைகளிடம் போனபோது என்ன ஆனது? இரண்டு நாடுகளைப் பார்ப்போம். 1948இல் இராணுவத்தையே கலைத்த கோஸ்டா ரிக்கா, 1988இல் அரசு ஆரம்பப் பள்ளிகளில் லோகோவைத் தொடங்கியது. கிராமப்புறப் பள்ளிகளுக்கும் நகரத்து ஏழைப் பகுதிகளுக்கும் முன்னுரிமை. கணினியோடு ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்தே போனது. அத்திட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பெரு நாடோ எட்டு லட்சத்துக்கும் அதிகமான மலிவு மடிக்கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை என்றது. பொருள் போய்ச் சேர்ந்தது. சொல்லித்தரும் ஆள் சேரவில்லை.

நமக்கு இது புதிதா என்ன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கொட்டகை எழும்பியது. பல தோட்டங்களில் பாடம் நடத்தியவர் கங்காணி அல்லது கிராணி. சட்டத்துக்குக் கட்டடம் போதுமாக இருந்தது. 2017இல் நம் பாடத்திட்டத்துக்குள் கணினிச் சிந்தனை வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரே ஆசிரியர் நாலு பாடம் எடுக்கும் சின்னப் பள்ளியில் அதை யார் நடத்துவது? நூறு வருசம் கழித்தும் கேள்வி அதேதான்.

அன்று பெட்டிகளை மூடிவிட்டு, மண்டபத் தரையில் சாக்கட்டியால் விளையாடினோம். ஒரு பையன் ஆமை, மற்றவர்கள் கட்டளையிட வேண்டும். சதுரம் சுலபமாக வந்துவிட்டது. முக்கோணத்துக்கு "அறுபது பாகை திரும்பு" என்று மூன்று முறை சொன்னார்கள். ஆமை புறப்பட்ட இடத்துக்கு வராமல் எங்கோ போய் நின்றது. ஒரே சிரிப்பு. நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தி தானே நடந்து பார்த்தாள். மூலையில் நின்று திரும்பித் திரும்பி யோசித்துவிட்டு, "சார், உள்ளே இருக்கிறதுதான் அறுபது. நான் திரும்புறது வெளியே. அது நூத்தி இருபது" என்றாள். பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் பொறியியல் படித்த எனக்கு அந்தக் கணம் மறக்கவே மறக்காது. அந்த வகுப்புக்குச் செலவு ஒரு சாக்கட்டி.

இதைப் பெருமையாகச் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. ஆறு சனிக்கிழமை போனேன், பிறகு வேலை மாறியதும் நின்றுவிட்டேன். மாற்றலாகிப் போன அந்த டீச்சருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது மேலிட உத்தரவில் போனார்.

இப்போது மறுபடி போகிறேன், மாதம் ஒருமுறை. இந்தத் தடவை பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. அங்கேயே இருக்கப்போகும் இரண்டு ஆசிரியர்களுக்குத்தான். புது பேட்டரி வாங்கியாயிற்று. அலமாரிச் சாவி இப்போது அவர்களிடம் இருக்கிறது.