சேமிப்பக அமைப்புகளில் கேஷ் உத்திகள்

மெதுவான வட்டிலுள்ள தரவில் அடிக்கடி கேட்கப்படுவதன் நகலை, வேகமான சிறு நினைவகத்தில் எடுத்துவைக்கும் முறை கேஷ். அந்த இடம் நிரம்பியதும் எதை வெளியேற்றுவது என்பதே இத்துறையின் தீராத கேள்வி.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி (1962) 16,000 சொச்சம் சொற்கள் கொண்ட உள்நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, உருளை நினைவகத்தோடு இணைத்தது. ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நேரமாகச் சும்மா கிடக்கிறது, இதற்கு முன் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று கணக்கு வைத்து, வெளியேற்றவேண்டியதை அதுவே தேர்ந்தது. இதையே முதல் கேஷாகக் கொள்வோர் உண்டு. கேஷ் யோசனையை விவரித்த கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸின் 1965ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குவோரும் உண்டு. ஐபிஎம் 360/85 (1968) கேஷை வணிகக் கணினிக்குள் கொண்டுவந்தது.

1969இல் கணினி ஆய்வாளர் பெலாடியும் உடனாய்வாளர்களும் ஒரு விந்தையை வெளியிட்டனர். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்படுகின்றன. முதலில் வந்தது முதலில் வெளியேறும். மூன்று இடம் இருந்தால் 9 முறை வட்டுக்குப் போகவேண்டும். நான்கு இடம் கொடுத்தாலோ 10 முறை! தாளில் போட்டுப் பார்த்தாலன்றி நம்ப முடியாது. நெடுநேரம் தொடப்படாததை வெளியேற்றும் எல்ஆர்யூ முறையில் இந்தக் கோளாறு வராது.

எழுபதுகளில் யுனிக்ஸ் வட்டுக் கேஷை இயங்குதளத்தின் பகுதியாக்கியது.

மின்சாரம் போனால், கேஷில் மாற்றப்பட்டு வட்டுக்குச் செல்லாத தரவு அழியும். ஐஐடி சென்னையில் படித்த சி. மோகனும் ஐபிஎம் உடனாய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ், மாற்றங்களை முன்கூட்டியே பதிவேட்டில் எழுதி, பிறகு மீட்கும் முறையைச் செம்மைப்படுத்தியது.

மதுரை வட்டாரத்தில் இந்த ஆபத்தின் இன்னொரு முகம் பதிவாகியுள்ளது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார மையங்களோடு வைஃபையால் இணைத்த பெர்க்லி ஆய்வுக்குழு, கருவிகள் பழுதாக முதன்மைக் காரணம் தரமற்ற மின்சாரமே என 2008இல் எழுதியது. தரவைச் சேமிக்கும் ஃபிளாஷ் அட்டைகளும் அதனால் கெட்டன.

எதை வெளியேற்றுவது என்ற கேள்விக்குத் திரும்புவோம். மெகிடோ, தர்மேந்திர மோதா இருவரின் ஏஆர்சி முறை (2003), வெளியேற்றியவற்றின் பெயர்ப்பட்டியலையும் வைத்திருந்து, தன் தவறிலிருந்து கற்றுக்கொள்ளும். மிக அழகான யோசனை. போஸ்ட்கிரஸ் 8.0 தரவுத்தளம் இதை ஏற்றது. ஐபிஎம்மின் காப்புரிமை விண்ணப்பம் காரணமாக 2005இலேயே கைவிட்டது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை ஏற்றுக்கொண்டு தொடர்கிறது.

2023இல் வெளியான எஸ்3-எஃப்ஐஎஃப்ஓ முறை, முதலில் வந்தது முதலில் வெளியேறும் மூன்று எளிய வரிசைகளை மட்டுமே கொண்டு இயங்குகிறது.