சிப்பி வளர்க்கும் பள்ளிப் பிள்ளைகள்

நியூயார்க் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது வானுயர்ந்த கட்டிடங்களும் சுதந்திர தேவி சிலையும்தான். அந்தச் சிலையைச் சுற்றியுள்ள தண்ணீர் ஒரு கழிமுகம் என்பது பலருக்குத் தெரியாது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் இடமே கழிமுகம். முகத்துவாரம் என்றும் சொல்வார்கள். ஹட்சன் ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் சுமார் 245 கிலோமீட்டர் உள்ளே, டிராய் நகரம் வரை தெரியும்!

1609-இல் ஹென்றி ஹட்சன் கப்பலில் வந்தபோது இந்த நீருக்கடியில் சிப்பித் திட்டுகள் ஏராளமாக இருந்தன. லெனாப்பே மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றை உண்டு வந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் ஏழை, பணக்காரன் எல்லோருக்கும் சிப்பிதான் நொறுக்குத்தீனி. தெருவோர வண்டிகளில்கூட விற்றது. அளவில்லாமல் அள்ளினார்கள். போதாததற்கு நகரத்தின் சாக்கடையும் துறைமுகத்தில் கலந்தது. சிப்பி தின்றவர்களுக்கு டைபாய்டு வந்தது. 1927-இல் கடைசிச் சிப்பிப் படுகையும் மூடப்பட்டது.

சிப்பி போனால் என்ன நஷ்டம்? வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு நாளில் 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும். சிப்பித் திட்டுகள் மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம். அலையின் வேகத்தையும் தணிக்கும்.

1972-இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்த பிறகு துறைமுக நீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஆனாலும் சிப்பிகள் பழையபடி பெருகவில்லை. காரணம் எளிது. சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் வேண்டும். பழைய சிப்பி ஓடுதான் அதற்குச் சிறந்தது. அந்த ஓடுகளைத்தான் மனிதர்கள் முன்பே அள்ளிவிட்டார்களே!

2003-இல் புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் 'நியூயார்க் ஹார்பர் ஸ்கூல்' என்ற அரசு உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். துறைமுக நகரில் வாழ்ந்தாலும் கடலோடு அதிகத் தொடர்பில்லாதவர்கள். 2010-இல் பள்ளி கவர்னர்ஸ் தீவுக்கு மாறியது. பிள்ளைகள் படகில் ஏறித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். வழக்கமான பாடங்களோடு படகு ஓட்டுதல், முக்குளிப்பு, சிப்பி வளர்ப்பு ஆகியவையும் உண்டு.

பள்ளியில் தொடங்கிய சிப்பி வளர்ப்பு 2014-இல் 'பில்லியன் ஆய்ஸ்டர் புராஜெக்ட்' என்ற பெரிய திட்டமானது. 2035-க்குள் துறைமுகத்தில் 100 கோடி சிப்பிகளைச் சேர்ப்பது இலக்கு. உணவகங்களில் தின்று எறிந்த ஓடுகளைச் சேகரித்து, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் காயவைக்கிறார்கள். பின்பு தொட்டிகளில் சிப்பிக் குஞ்சுகளை அந்த ஓடுகளில் ஒட்டவைத்துக் கடலில் இறக்குகிறார்கள். இதுவரை 10 கோடிக்கும் மேல் இறக்கியாகிவிட்டது.

இதில் ஒன்றைக்கூட யாரும் தின்ன முடியாது. நகரின் பெரும்பகுதியில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய்தான். பெருமழை பெய்தால் இரண்டும் வழிந்து துறைமுகத்துக்கே வரும். சிப்பி தண்ணீரை வடிகட்டும். குழாயை மாற்றாது. அது மனிதர் செய்ய வேண்டிய வேலை. அதனால்தானோ என்னவோ, முக்குளிப்பையும் சிப்பி வளர்ப்பையும் போலவே கடல் சார்ந்த சட்டங்களையும் கொள்கைகளையும் படிக்க அந்தப் பள்ளியில் தனிப் பிரிவு இருக்கிறது.