அமெரிக்க இருதயச் சங்கம்

இருதய நோயையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்காக உழைத்து வரும் தர்ம ஸ்தாபனம். இருதய நோயாளி என்றால் படுக்கையே கதி என்று வைத்தியர்களும் நம்பியிருந்த காலத்தில், அந்நம்பிக்கையை ஆராய்ச்சியின் துணைகொண்டு அகற்ற முற்பட்ட பால் டட்லி ஒயிட் முதலிய ஆறு வைத்திய நிபுணர்கள் 1924-ஆம் ஆண்டில் இதைத் தோற்றுவித்தனர். லூயிஸ் கானர் முதல் தலைவரானார்.

கால் நூற்றாண்டு வரை விஞ்ஞானிகளின் சபையாகவே இருந்த இச்சங்கம், 1948-இல் பாமர ஜனங்களுக்கும் தன் கதவைத் திறந்தது. அவ்வாண்டில், ஜாக் பென்னி என்னும் ஹாஸ்ய நடிகரின் காலடியோசையை வானொலியில் ஒலிபரப்பி, நடப்பவர் யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லி நடத்திய போட்டியின் வாயிலாக 15 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. பண்டிதர்கள் இதைக் கேலிக்கூத்தென்று எண்ணியிருக்கலாம். ஆயினும் பின்னர் ஆராய்ச்சிக்கென இச்சங்கம் வழங்கிய 500 கோடி டாலருக்கும் மேற்பட்ட திரவியத்திற்கு வழி திறந்தது, பொதுமக்களை நாடிச் சென்ற அந்தத் துணிவேயாகும்.

இதன் பணிகளுள் தலையாயது உயிர்ப்பிக்கும் முதலுதவியைப் பரப்பியமை. மார்பைப் பிளக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி, நின்றுபோன இருதயத்திற்கு மாற்றாக இரத்தத்தை ஓட்டலாம் என்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில், கௌவென்ஹோவன் என்ற மின் பொறியியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1960-இல் வெளியிட்டனர். வைத்தியருக்கே உரியதென்று கருதப்பட்ட அவ்வித்தையைச் சாமானியரும் கற்கலாம் என 1974-இல் வெளியான சங்கத்தின் விதிமுறைகள் வகுத்தன. உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் பதித்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்திற்கும் பின் மார்பு முழுவதும் மேலெழ விடவேண்டும் என்பது இக்காலத்து விதி.

குறையும் சொல்லத்தான் வேண்டும். கட்டணம் பெற்றுக்கொண்டு உணவுப் பொட்டலங்களில் இருதய முத்திரை பொறிக்க இச்சங்கம் இசைந்ததும், சர்க்கரை மிகுந்த சில தானிய உணவுகளும் அம்முத்திரையைப் பெற்றதும் கண்டனத்திற்கு உள்ளாயின, அக்கண்டனம் நியாயமே.

தலைமை நிலையம் 1975 முதல் டெக்ஸாஸ் மாகாணத்து டாலஸ் நகரில் உள்ளது. மேற்கூறிய முதலுதவியைச் செய்கையில், வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கும் பயிற்சியற்றோர், திடீரென மூர்ச்சித்து விழுந்த பெரியவர்களுக்கு, உதவி வந்து சேரும்வரை மார்பை மட்டும் அழுத்தினாலும் போதும் என்று 2008-இல் இச்சங்கம் அறிவித்தது.