கம்பளி வேண்டாம்னு சொன்ன மனுஷன்

மேச்சேரி ஆட்டையும் கீழக்கரிசல் ஆட்டையும் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இந்தப் பதிவே கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். அந்த ஆடுங்களுக்கு ஏதுங்க கம்பளி? மேல இருக்கிறது வெறும் முடி. ஆனா குளிர்நாடுகள்ல செம்மறின்னாலே நடமாடுற கம்பளி மூட்டைதான். வருஷா வருஷம் ஆள் வெச்சு வெட்டணும். விட்டா வளர்ந்துகிட்டே போகும். அழுக்கும் ஈரமும் சேர்ந்து, ஈ முட்டை வெச்சு, புழு உயிரோட ஆட்டை அரிக்க ஆரம்பிச்சிடும்.

ஆதியில இப்படி இல்லை. காட்டுச் செம்மறிக்கு மேல முரட்டு முடி, அடியில மெல்லிசா கொஞ்சம் கம்பளி. வெயில்காலம் வந்தா அது தானா உதிர்ந்துடும். ஆட்டைப் பழக்கி சில ஆயிரம் வருஷம் கழிச்சுத்தான் மனுஷன் கம்பளி ஆட்டைப் பெருக்க ஆரம்பிச்சான். உதிராம நின்னாத்தானே மொத்தமா அறுவடை பண்ணலாம்!

இதைத் தலைகீழாத் திருப்பினவங்கள்ல எனக்குப் பிடிச்ச ஆள் மைக்கேல் பீல். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக்காரர். மரபியல் அவருக்குத் தொழில் இல்லை, ஆர்வம். நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையில் மேற்கு ஆப்பிரிக்க முடி ஆடுகளோட படங்களைப் பார்த்தவருக்கு ஒரு யோசனை. கம்பளியை விட்டுட்டு, கறிக்கும் குட்டிக்கும் மட்டும் தேர்ந்தெடுத்தா என்ன? மின்கம்பிப் பாதைகள்ல வளர்ற புதரை வெட்டவோ மருந்தடிக்கவோ வேண்டாம், இந்த ஆடுகளை விட்டு மேய்ச்சுடலாம்னும் கணக்குப் போட்டார்.

1957 நவம்பர்ல கரீபியன் கடல்ல இருக்கிற செயிண்ட் குரோய் தீவுல இருந்து மூணே மூணு முடி ஆடு வந்துச்சு. அந்த நேரத்துல அமெரிக்க அரசு, 1954-ம் வருஷச் சட்டப்படி, கம்பளிக்கு ஊக்கத்தொகை கொடுத்துக்கிட்டிருந்துச்சு. அரசாங்கம் எதுக்குப் பணம் கொடுக்குதோ அதையே ஒழிக்கக் கிளம்பினார் மனுஷர். அக்கம்பக்கத்துல என்ன பேசியிருப்பாங்கன்னு நாமளே யூகிச்சுக்கலாம் :-)

தீவு ஆடு சின்னது. அதனால டூனிஸ், சவுத்டவுன், சஃபோக், ஹாம்ப்ஷயர்னு கம்பளி இனங்களோட கலந்தார். இங்கதான் சிக்கல். முதல் தலைமுறைக் குட்டி பாதி முடி, பாதி கம்பளின்னு ரெண்டுங்கெட்டானா நிக்கும். தானா உதிர்றதை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்ததைக் கழிச்சு, மறுபடி கலக்கணும். உதிர்ந்தா போதுமா? உடம்பும் இருக்கணும், குட்டியும் ஈனணும், மந்தையாவும் மேயணும். பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்த வேலைதான். 1970-களோட தொடக்கத்துல நல்ல பெட்டைகளைப் பொறுக்கியெடுத்து, மெய்னோட உயரமான மலையின் பேரை வெச்சார்: கட்டாடின்.

அப்பவும் உருவம் போதலை. இங்கிலாந்தோட வில்ட்ஷயர் ஹார்ன் இனத்தைச் சேர்த்தாங்க. அதுவும் தானா உதிர்க்கிற ஆடுதான். ஒரு காலத்துல வில்ட்ஷயர் முழுக்க இருந்த அந்த இனம், கம்பளி இல்லைங்கிற குறைக்காகவே அழியற நிலைக்குப் போயிருந்துச்சு. அதைக் காப்பாத்த 1923-ல் சங்கம் வைக்க வேண்டியதாச்சு. கட்டாடினுக்கு அதால பெரிய உடம்பு கிடைச்சது. கூடவே கொம்பும் வந்து சேர்ந்தது.

பீல் 1976 டிசம்பர்ல இறந்துட்டார். இனத்துக்குன்னு ஒரு சங்கம் வந்ததே 1985-லதான். அவர் பார்க்கலை. கம்பளி ஊக்கத்தொகையை நிறுத்த 1993-ல் அமெரிக்க நாடாளுமன்றம் முடிவெடுத்ததையும் பார்க்கலை. இன்னிக்கு அங்க அதிகமாப் பதிவாகிற செம்மறி இனங்கள்ல கட்டாடினும் ஒண்ணு. குடற்புழுவைத் தாங்குற சக்தியும் தீவு ஆட்டோட ரத்தத்துல வந்த கூடுதல் வரவு.

பிரிட்டன்லயும் இதே கதைதான். வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவுல அயோலோ ஓவன்கிற விவசாயி வில்ட்ஷயர் ஹார்னையும் வேல்ஸ் மலை ஆட்டையும் கலந்து ஈஸிகேர் இனத்தை உருவாக்கினார். 2020-ல் கொரோனா வந்து கம்பளி விலை விழுந்தப்ப, அங்க பல பேருக்கு வெட்டுக்கூலிகூடத் தேறலை. சில பேர் கம்பளியைக் குப்பையில மக்கவே விட்டாங்க.

கம்பளிக்காரங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு. உதிர்ற முடி மெரினோ கம்பளியில ஒட்டிக்கிட்டா சாயம் சரியா ஏறாது, விலை போயிடும். அதனால ஆஸ்திரேலியாவுல முடி ஆட்டையும் மெரினோவையும் ஒரே வேலிக்குள்ள விட யோசிக்கிறாங்க.